அவன் துப்பாத மாத்திரைகள்

என் தம்பியைப் பிடித்திருந்த நோய் ஒருமுறை அவனை விட்டு விலகிப் போயிருந்தது. அதை மறுபடி வீட்டுக்குள் கூட்டி வந்தவள் நான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். மறந்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை எடுத்து மறைத்துவிட்டு, அதே வெள்ளை நிறத்தில், ஏறக்குறைய அதே பருமனில் இருந்த சத்து மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு நாள் அல்ல... பல வாரங்கள்! அவன் மாத்திரையைப் பார்த்ததே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குவான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது. நீங்கள் படித்துவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் எனக்குக் கேட்காது. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வாய் திறக்கிறேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அப்படிப்பட்டவள்தான்.

கோலா சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. நலக்கல்விப் பாடமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. மருத்துவர் கொடுக்கும் மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்று பலகையில் எழுதி, அதை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்ந்து வாசிக்கச் சொல்கிறவள். படிக்காதவள், பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் என் மீது இரக்கப்பட வழியில்லை.

தம்பியின் பெயர் நேசன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்த பிறகு தாமான் குடியிருப்பில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்தோம். நேசனுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. பழம் ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டு அனுப்புகிற வேலை. மூவரும் ஓரளவு நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்று நினைத்த நேரத்தில் தொற்றுக் காலம் வந்தது.

அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றியபோது நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பெட்டியைத் தொடவும் விடவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் போனது, உனக்கு மட்டுமா என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அம்மாதான். முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பாப்பா என்ற பெயர் எவ்வளவு தேவையாக இருந்தது என்பது, அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லாமல் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நேசன் அழவில்லை. அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாள் நான்...

முதலில் அவன் குளிப்பதைக் குறைத்தான். பிறகு நண்பர்களோடு பேசுவதை நிறுத்தினான். பேசிக்கொண்டே இருப்பான், பாதி வாக்கியத்தில் பேச்சு அறுந்து போகும், மீதியைத் தேடுகிறவன்போல் சுவரைப் பார்ப்பான். சிரிக்க வேண்டிய இடத்தில் முகம் அப்படியே இருக்கும். ஒன்றும் இல்லாத நேரத்தில் சிரிப்பான். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, லோரி ஓட்டுநர்கள் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் போனில் பேசிக்கொள்கிறார்கள், ஒவ்வொரு லோரியும் தன்னைப் படம் பிடித்துக்கொண்டு போகிறது என்றான். அவன் அதைச் சொன்ன தெளிவைப் பார்த்து நானும் ஒரு வாரம் அதை நம்பினேன். ஆலைக்குப் போய்ச் சண்டை போடக்கூட நினைத்தேன்!

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா காற்று கருப்பு என்றார். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டினோம். தஞ்சோங் காராங்கில் போமோ என்னும் மலாய் மந்திரவாதியிடம் ஓதிய நீர் வாங்கிக் குடிக்க வைத்தோம். ஒரு வருடம் அப்படியே போயிற்று. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மனமறிந்து யாரும் அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை. அதைச் செய்ய நான் ஒருத்தி இருந்தேனே!

அந்த ஒரு வருடத்தில்தான் அது நடந்தது. சமையலறையில் நேசன் தனியாக நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தான்.

"அம்மா கூடத்தான்க்கா. பாப்பா சாப்பிட்டாளான்னு கேக்குறாங்க."

அவன் என்னை ஒரு நாளும் பாப்பா என்று சொன்னவன் இல்லை. அவன் குரல்தான், ஆனால் அந்த இழுப்பு அம்மாவுடையது. அந்த 'பா'வில் கொஞ்சம் அழுத்தி, 'ப்பா'வை நீட்டிவிடும் இழுப்பு... சாப்பிட்டேன் என்று சொல்லு என்றேன். அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். அன்று நான் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று உடனே சோறு போட்டு உட்கார்ந்து தின்றேன். சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம்.

அவன் தலைக்குள் அம்மா மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று ஆண் குரல்கள் இருந்தன. ஒருவன் சிரிப்பான். ஒருவன் நேசன் செய்வதையெல்லாம் கூடவே சொல்லிக்கொண்டிருப்பான், இதோ எழுந்திருக்கிறான், இதோ தண்ணீர் குடிக்கிறான் என்று. மூன்றாமவன் கட்டளை போடுவான். அவர்கள் வரும்போது நேசன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்வான். அவ்வப்போது, அவர்கள் ஓய்ந்த நேரத்தில், அம்மா வருவார். நான் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கப் பழகினேன்.

ஒரு நாள் அவன் தன் காதுக்குள் கரண்டிக் காம்பை விட்டுக் கிளறப் போனான். அதோடு எனக்குப் பயம் வந்து கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பெண் மருத்துவர், என் பழைய மாணவி என்று சொல்லும் வயது. அவனிடம் நெடுநேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாக உட்கார வைத்து, இதற்குப் பெயர் மனச்சிதைவு நோய் என்றார்.

ஏன் வந்தது என்று கேட்டேன். அம்மா போனதாலா? நான் அவனைச் சரியாகக் கவனிக்காததாலா? யாராவது எதையாவது செய்துவிட்டார்களா?

"பேயும் இல்ல டீச்சர், உங்க வளர்ப்பும் இல்ல," என்றார். "மூளையில சில ரசாயனம் முன்ன பின்ன ஓடுது. குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கலாம். ஒரு பெரிய துக்கம் அத வெளிய கொண்டு வந்திருக்கலாம். ஒரே காரணம்னு யாராலயும் கைய காட்ட முடியாது. ஆனா மருந்து இருக்கு. மருந்து நின்னா மட்டும் திரும்ப வந்துரும். அத நீங்கதான் பாத்துக்கணும்."

நீங்கதான் பாத்துக்கணும்... அந்தப் பொறுப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்போது என் மனத்தில் கள்ளம் இல்லை. சத்தியமாக இல்லை.

மருந்து வேலை செய்தது. உடனே அல்ல, மெல்ல மெல்ல. முதலில் தூங்கினான். பிறகு பசித்தது, உடம்பு பெருத்தது. விரல்கள் லேசாக நடுங்கின, தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கொஞ்சம் சிந்தும். அதற்கும் வேறொரு மருந்து கொடுத்தார்கள். லோரிகள் வெறும் லோரிகள் ஆயின. ஒரு நாள் தானாக முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றான். ஆலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாலும், செம்பனை நாற்றுப் பண்ணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாக நிற்கும் கன்றுகளுக்கு நடுவே குழாயோடு அவன் நடப்பதைப் பள்ளிக்குப் போகும் வழியில் பார்ப்பேன். மேலே வெயில், கீழே ஈரம், நடுவில் என் தம்பி. பார்க்க அவ்வளவு அமைதியாக இருக்கும்.

அவன் குணமாகிக்கொண்டு வந்தான். அம்மா வரவில்லை.

சமையலறையில் அவன் நிற்கும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். குழம்பு கொதிக்கும், விசிறி சுற்றும், வேறு சத்தம் இருக்காது. ஒரு மாலை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அம்மா இப்போதெல்லாம் பேசுவதில்லையா?

"இல்லக்கா. ஒண்ணுமே கேக்கல. நிம்மதியா இருக்கு."

அவன் நிம்மதி என்றான். எனக்குக் கோபம் வந்தது! உங்களால் நம்ப முடிகிறதா? அவன் காதுகள் ஓய்ந்ததற்கு நான் கோயிலில் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். அதற்குப் பதில், அம்மாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு இவன் நிம்மதி என்கிறானே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். அவர்கள் விரும்பிச் சாப்பிட்டது எதுவோ அதைச் சமைத்து, புதுத்துணி வைத்து, விளக்கேற்றி, வாழையிலையில் பரப்பிவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்ற வீடுகளில் அந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே நின்று போன் பார்ப்பார்கள், பட்டாசைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு மட்டும் ஒரு எண்ணம் வந்தது. அம்மா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நேசனுக்குக் கேட்கும். கேட்க வேண்டும். நடுவில் நிற்பது அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதானே?

அப்படித்தான் தொடங்கியது. படையல் வரைக்கும் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வழக்கம்போல் கொடுத்துவிடலாம். சில வாரங்களில் என்ன குடிமுழுகிப் போகும்?

மருந்தகத்தில் சத்து மாத்திரை வாங்கும்போது கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டாள். தம்பிக்கு, ரொம்பக் களைப்பாக இருக்கிறான் என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு வியர்க்கக்கூட இல்லை.

முதல் வாரங்கள் கனவுபோல் போயின. அவன் கை நடுக்கம் குறைந்தது. காலையில் எழுப்பாமலே எழுந்தான். பண்ணையில் நடந்த ஒரு கதையைச் சொல்லி, பழைய நேசன் சிரிப்பதுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பார், மருந்து இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறான் என்று நான் நினைத்தேன். என்னைப்போல் நினைக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். மருந்து நின்ற புதிதில் சிலருக்கு இப்படி ஒரு வெளிச்சம் தெரியும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று அவர் சொன்ன வார்த்தைகள்கூட எனக்கு நினைவிருந்தன. நினைவிருந்தும் ஏமாந்தேன். ஏமாற விரும்பினேன் என்பதுதான் சரி.

பிறகு அவன் தூக்கம் குறைந்தது. பண்ணைக்குப் போகும் வழியை மாற்றினான். கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடினான். எனக்கு எல்லாம் தெரிந்தது! அப்போது நிறுத்தியிருக்கலாம். உண்மையான மாத்திரை என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில், அட்டை அட்டையாக இருந்தது. ஆனால் அவன் உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்... என்று இருந்துவிட்டேன்.

படையல் நாள் வந்தது. நெத்திலிச் சம்பல், நண்டுக் கறி, முறுக்கு, பால் விடாமல் சீனி கூடப்போட்ட கோப்பி ஓ. அம்மாவுக்கு வாங்கிய நீலச் சேலை. எல்லாம் பரப்பி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, நானும் நேசனும் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. செம்பனை ஓலைகளுக்கு மேலே வானம் மஞ்சளாக இருந்தது. தெருவில் எந்த வீட்டிலிருந்தோ நெய் மணம் வந்தது.

நேசன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அம்மா வந்துட்டாங்க," என்றான். "பாப்பா மெலிஞ்சி போயிட்டாளேன்னு கேக்குறாங்க."

எனக்கு அது கிடைத்தது... இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நான் வேண்டியது எனக்குக் கிடைத்தது! என் வாழ்நாளில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை. அழுதேன், சிரித்தேன். அம்மா, வலித்ததா? அம்மா, அங்கே தனியாக இருந்தீர்களா? அம்மா, என் மேல் கோபமா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். வலிக்கல பாப்பா. கோபமில்ல பாப்பா. அந்த மஞ்சள் வெளிச்சம் முழுவதும் நான் என் அம்மாவோடு இருந்தேன். என் தம்பியின் கண்கள் எங்கோ நிலைகுத்தி, நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் பதில் சொல்வதை நிறுத்தினான். படையலை எடுத்துவிட்டு அவனுக்குச் சோறு போடலாம் என்று நான் கதவைத் தட்டி உள்ளே போனேன். இலையை மடித்துவிட்டு வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவன் மோட்டார் சைக்கிளையும் காணோம்.

மல்லிகா அக்காவின் மகன் என் காரை எடுத்து ஓட்டினான். பண்ணைக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம். வழியில் ஒருவர், ஆற்றுப் பக்கம் வேகமாகப் போனதைப் பார்த்தேன் என்றார். சுற்றுப்பயணிகளுக்கு மின்மினி காட்டப் படகு விடும் துறை அங்கேதான் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட பயணிகள் பலகைப் பாலத்தில் வரிசையாக நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் படகு, பயணிகள் இல்லாமல், சற்றுத் தள்ளியிருந்த கரையோரத்திலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. அதில் என் தம்பி கிடந்தான்.

ஆற்றோரச் சேற்றில், நெஞ்சளவுத் தண்ணீரில், மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். படகோட்டும் மலாய்ப் பெரியவர் அவனைத் தூக்கிப் போட்டிருந்தார். நீர் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று என்னிடம் சொன்னார். அவருக்குப் பின்னால் ஆற்றோர மரங்கள் முழுவதும் மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்துகொண்டிருந்தன. நேசன் என் கையைப் பிடித்தான். சேறும் நீருமாகக் குளிர்ந்த கை.

"அவனுங்க மூணு பேரும் அம்மா கொரல்ல பேசுறானுங்கக்கா," என்றான்.

ஓர் அழைப்பைக் கேட்டு அவன் ஆற்றுக்குப் போனான். அது அம்மாவின் குரலில் வந்த அழைப்பு. அந்தக் குரலை அவன் தலைக்குள் திரும்பக் கூட்டி வந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு உட்கார வைத்தது யார்? அம்மாவுக்கும் அந்த மூவருக்கும் வாசல் ஒன்றுதான். ஒருவருக்காகத் திறந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்பது எனக்கு அதுவரை புரியவில்லையா, புரிந்தும் திறந்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் செய்ததில் இதைவிட மோசமானது இனிமேல்தான் வருகிறது.

மருத்துவமனையில் அதே பெண் மருத்துவர். மருந்து நின்றிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டார். நேசன் படுக்கையில், மயக்கம் பாதி தெளிந்து கிடந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"ஒரு நாள் கூட விடல டாக்டர். அக்கா குடுப்பாங்க, நான் முழுங்குவேன்."

அவன் சொன்னது முழு உண்மை. அவன் தலைக்குள் எல்லாம் கலங்கிக் கிடந்த நேரத்திலும் அந்த ஒன்று மட்டும் கலங்காமல் இருந்தது. மருத்துவர் என்னைப் பார்த்தார். அவர் கண்களில் சந்தேகம் இல்லை, என் மேல் பரிவுதான் இருந்தது. வேலையும் பார்த்துக்கொண்டு தம்பியையும் பார்த்துக்கொள்ளும் அக்கா... அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"சில நாள் துப்பிருவான் போல," என்றேன்.

மருத்துவர் தலையாட்டினார். இது சகஜம், திட்டாதீர்கள் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்! நேசன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கூட்டல் கணக்கில் விடை ஏன் தப்பாக வருகிறது என்று புரியாமல் என் வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து, மருந்து ஏறித் தெளிந்த பிறகு, ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டான்.

"நான் எங்கக்கா துப்புனேன்?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் என்னை அடித்திருக்கமாட்டான், கத்தியிருக்கவும் மாட்டான். நேசன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் நான் சொன்னது என்ன தெரியுமா? சன்னல் வழியாக என்றேன். சமையலறைச் சன்னல். பின்பக்கம் பண்டான் செடி இருக்கிற இடத்தில்.

மழை விட்டதும் அவன் பின்பக்கம் போய்ப் பண்டான் செடியைப் புரட்டிப் பார்த்தான். மழையில் கரைந்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தான். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். உங்கள எவ்வளவு பாடு படுத்திட்டேன் என்று சொல்லி அழுதான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்தான்!

அவனைப்போன்ற ஒருவனுக்கு, தன் கண்ணும் காதும் தன்னை ஏமாற்றும் என்று தெரிந்த ஒருவனுக்கு, எது நிஜம் எது நிஜமில்லை என்று பிரித்தறிவதுதான் வாழ்க்கைப்பாடு. ஒவ்வொரு நாளும் அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தான். அவன் சரியாகப் பிடித்து வைத்திருந்த ஒரு நிஜத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தியதற்கு மருந்து இருந்தது, மீண்டும் கொடுத்தார்கள், தேறினான். இதற்கு எந்த மருத்துவரிடம் போவேன்?

இப்போது அவனுக்கு மாத்திரை இல்லை. மாதம் ஒரு ஊசி. துப்புகிறவர்களுக்கு இது நல்லது என்று மாற்றிவிட்டார்கள். கிளினிக்கில் மிசி, அதாவது தாதி, ஊசி போடும்போது, என் வாய நம்ப முடியாது மிசி, அதான் ஊசி என்று அவனே வேடிக்கையாகச் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பண்ணையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். குரல்கள் அநேகமாக இல்லை. வந்தாலும் தூரத்து ரேடியோ மாதிரி இருக்கும், கண்டுகொள்ள மாட்டேன் என்கிறான்.

சொல்லாமல் இருப்பதற்கு என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. சொன்னால் அவன் என்னை மட்டுமல்ல, மருந்தையும் நம்பாமல் போவான். நம்பிக்கை போனால் நோய் திரும்பும். அவனுக்கு என்னைவிட்டால் யார்? இவற்றையெல்லாம் உங்களால் மறுக்க முடியாது. நானும் மறுக்கவில்லை. ஆனால் இரவும் பகலும் தேடித் தேடி இந்தக் காரணங்களைச் சேர்த்து வைத்தவள் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் தனியாக நின்று ஏதாவது பாட்டை முணுமுணுத்தால், இன்றைக்கும் நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். பாட்டுதான் என்று தெரிந்ததும் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்கு முன்னால், ஒரே ஒரு கணம், ஏமாற்றம் வருகிறது. ஆற்றிலிருந்து அவனைத் தூக்கி வந்ததைப் பார்த்த பிறகும் வருகிறது! என்னை என்ன செய்வது, சொல்லுங்கள்?

போன மாதம் கிளினிக்கில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நோயிலிருந்து தேறியவர்களும் புதிதாக வந்தவர்களும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் கூட்டம். பாகான் நக்கோடா ஓமார் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் தன் மாமியாரோடு வந்திருந்தாள். நோய் இரண்டாம் முறை திரும்பி, இப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்தவள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவள் மருந்தை ஏமாற்றிவிட்டாள் என்று மாமியார் மிசியிடம் சொன்னார். அப்போது அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"நான் போட்டேன். தெனமும் போட்டேன். யாரும் நம்ப மாட்றாங்க," என்றாள்.

மிசி பதில் சொல்வதற்கு முன் நேசன் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான். தங்கை ஒருத்தியிடம் பேசுகிறவன்போல் மெதுவாகப் பேசினான்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு தங்கச்சி. சத்தியம் பண்ணுவேன், முழுங்கினேன்னு. ஆனா துப்பிருக்கேன். சன்னல் வழியா. இப்ப எனக்கே நல்லா ஞாபகம் வருது, நாக்குல அந்தக் கசப்புகூட இருக்கு. நம்ம மண்டைய நம்ப முடியாதும்மா. வீட்டு ஆளுங்க சொல்றத நம்பு. நான் எங்க அக்காவத்தான் நம்புறேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாமியார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் உண்மை பேசினாரா, அந்தப் பெண் உண்மை பேசினாளா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள, மாத்திரையை உன் கையில் வைத்தது யார் என்று யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அந்த அறையில் அதைக் கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்து நிற்கத்தான் நினைத்தேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்தப் பெண் நேசனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அப்படியும் இருக்கும்ணே, என்று சொல்லி மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது நேசன்தான் கார் கதவைத் திறந்துவிட்டான். நெல்வயல் சாலையில் நெடுந்தூரம் வந்தோம். பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, நான் நல்லா பேசுனனாக்கா என்று கேட்டான்.

"நல்லா பேசுனடா," என்றேன்.